வகாலத்தும் வாக்கும்

வாக்களிப்பது வகாலத் கொடுப்பதற்குச் சமமா? நமது ஃபிக்ஹு மரபில் வக்கீலுக்கு எல்லை உண்டு. காணி விற்க வக்கீலாக நியமிக்கப்பட்டவர், உரியவர் சொன்ன விலைக்குக் குறைத்து விற்க முடியாது. வேண்டாமென்றால் அவரை விலக்கவும் முடியும். பாராளுமன்றப் பிரதிநிதிக்கு இவ்விரண்டும் பொருந்துவதில்லை.

2020 ஒக்டோபர் 22இல், ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. கொவிட் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்ட காலம் அது. எதிரணியில் தெரிவான முஸ்லிம் உறுப்பினர் பலர் ஆதரவளித்தனர். பதுளை மாவட்டத்தில் எதிரணிப் பட்டியலில் வென்ற அரவிந்தகுமாரும் ஆதரித்தார். அடுத்த தேர்தல்வரை வாக்காளருக்கு வேறு வழியில்லை.

அந்தத் தேர்தலையும் தள்ளிப்போடலாம். 1977இல் தெரிவான பாராளுமன்றம், 1982 டிசம்பர் சர்வஜன வாக்கெடுப்பின் மூலம் தன் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. அதைவிடக் கொடியது, வக்கீல்களே உரியவரை நீக்கியது. 1947இல் வாக்களித்து ஏழு இந்தியக் காங்கிரஸ் உறுப்பினரை அனுப்பிய தோட்ட மக்கள், 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர்.

அப்படியானால் பிரதிநிதியே வேண்டாமா? 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வாக்கில்லாதவரின் நிலை அதுதான். நேரடி வாக்கெடுப்பும் பரிகாரமல்ல. 1982இல் நடந்தது அதுவே. சிதறி வாழ்வோருக்கு விகிதாசார முறை ஓரளவு கைகொடுத்திருக்கிறது. 2024இல் பதுளையிலிருந்து கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் தெரிவாகினர்.

உண்மையில் பிரதிநிதி ஒருவருக்கு மட்டும் வக்கீலல்லர். உருளைக்கிழங்கு இறக்குமதி வரி கூடினால் வெலிமடை விவசாயி மகிழ்வார். லயத்தில் காசு கொடுத்து வாங்கிச் சமைப்பவர் நொந்துகொள்வார். இருவரும் ஒரே மாவட்டத்தின் வாக்காளர்கள். இருவர் சொல்லையும் அப்படியே கேட்க யாராலும் முடியாது. அங்கே பிரதிநிதி தன் புத்தியைப் பாவிக்கத்தான் வேண்டும்.

ஆகவே வாக்கை வகாலத் என்பதைவிட அமானத் என்பதே பொருத்தம். அமானத்தைப் பேணும் வழியை வைத்திருப்பவர் தீர்மானிக்கலாம். உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாதபடி ஆக்க அவருக்கு உரிமையில்லை. வரியிலும் வீதியிலும் பிரதிநிதி நம்மோடு முரண்படலாம். ஆனால் ஒரு மக்களின் வாக்கை, அடுத்த தேர்தலை, தன்னை நாம் கேள்வி கேட்கும் அதிகாரத்தைக் குறைக்கும் எதற்கும் அவர் சம்மதிக்கக் கூடாது. வேட்பாளர் பள்ளிவாசல் முற்றத்துக்கு வரும்போது, வீதிக்குக் கொங்கிறீட் கேட்பதற்கு முன்னால் இந்த உறுதியைக் கேட்போம்.