யாருக்குக் கடன்பட்ட மருத்துவர்?

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் பங்கு இல்லங்களுக்கு ஒருவகை வேண்டுகோள் ஆண்டு தவறாமல் வந்து சேர்கிறது. மருத்துவம் பயில விரும்பும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும், திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும், "சாமி, எங்கேயாவது உதவித்தொகை கிடைக்குமா?" என்னும் கேள்விக்கு ஒரு விடையும் வேண்டும். ஓசூர் சிப்காட்டில் இயந்திரத்தின்முன் நிற்கும் தந்தையும், பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடும் தந்தையும் ஒரே குரலில்தான் கேட்கின்றனர்: எந்தக் கல்லூரி, எவ்வளவு பணம்? நியாயமான கேள்வி. ஆயினும் அதனுள் இன்னொரு வினா மறைந்திருக்கிறது. இந்தப் பணத்தைப் பெறுவதால் நம் பிள்ளை யாருக்குக் கடன்படப் போகிறது? கல்லூரியைத் தேர்வதற்கு முன்பே கேட்க வேண்டிய வினா இது. பட்டம் பெற்றபின் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் வங்கியே விடை சொல்லிவிடுகிறது.

நமது வட்டாரத்துக்கு எட்டும் வாய்ப்புகளை முதலில் எண்ணிப் பார்ப்போம். 2017 முதல் தமிழகத்தில் நீட் தேர்வே மருத்துவக் கல்விக்கு வாயில். அதைக் கடந்தவருக்கு அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயே. தருமபுரியில் ஏற்கெனவே அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. கிருஷ்ணகிரிக்கு உரியது போலுப்பள்ளியில் எழுந்து, 2022 சனவரியில் மற்ற 10 கல்லூரிகளோடு முறைப்படி திறக்கப்பட்டது. மாநில எல்லையைக் கடந்தால் ஓசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் பெங்களூரின் புனித யோவான் மருத்துவக் கல்லூரி. இந்திய ஆயர் பேரவை 1963-இல் தொடங்கியது. கிழக்கே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இவற்றுக்கு வெளியே தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் ஆண்டுக்குப் பல இலட்சங்கள் கேட்கின்றன. வெளிநாட்டுக் கல்லூரிகளின் பெயரால் ஊர் ஊராய் உலவும் முகவர்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது தனியொரு கட்டுரைக்குரியது.

கடனை எடுத்துக்கொள்வோம். ஏழரை இலட்சம் ரூபாய்வரை அடமானமின்றிக் கல்விக் கடன் தரும் ஏற்பாடு வங்கிகளில் உண்டு. அதற்கு மேல் பெரும்பாலும் வீடோ நிலமோ ஈடாகக் கேட்கப்படும். கடன் வாங்குதல் பாவமன்று. படிப்பை நம்பிக் கொடுக்கப்படும் கடன் நல்லதே. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40 இலட்சம் ரூபாய் கடன், 10 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டுமே ஆண்டுக்கு 4 இலட்சம். மாதத்துக்கு 33,000 ரூபாய்க்கு மேல். இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு ஓர் இளம் மருத்துவர் அஞ்செட்டியிலோ தளியிலோ மலையோர மக்களிடையே அமர முடியுமா? அவர் பேராசைக்காரர் அல்லர். தவணை தேதி அவரை நகரத்துக்கு விரட்டுகிறது. அந்தத் தவணையை இறுதியில் கட்டப்போகிறவர், தேவையற்ற ஒரு பரிசோதனைக்கு நீட்டப்படும் சீட்டைக் கையில் வாங்கும் நோயாளி. கடன் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் அவரே பிணையாளி.

இதற்கு எதிர்முனையில் நிற்பது சேவை உடன்பாடு. வேலூரில் திருச்சபை அமைப்புகளின் பரிந்துரையோடு சேரும் மாணவர், பட்டம் பெற்றபின் அந்த அமைப்பின் மருத்துவமனையில் 2 ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறார். மருத்துவ வசதி குறைந்த இடங்களில் பணி என்பது புனித யோவான் கல்லூரியின் நோக்கத்திலேயே அடங்கியது. இவ்வகை உடன்பாட்டைக் கண்டு நம் பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். "இரண்டு வருடம் வீணாகப் போகுமே!" என்கின்றனர். உதவி என்றால் நிபந்தனையின்றித் தர வேண்டாமா, நிபந்தனை வைத்தால் அது வணிகம் அல்லவா என்று வாதிடுவோரும் உண்டு.

குருமடத்தில் பயின்ற காலம் முதல் என்னோடு இருந்துவரும் ஒரு பகுதி இங்கே துணைக்கு வருகிறது. புனித தோமா அக்குவினார் தமது பெரும் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 106-ஆம் வினாவில், நன்றியுணர்வை ஆராய்கிறார். சட்டப்படியான கடன் வேறு, நன்றிக்கடன் வேறு என்று பிரிப்பது அவரது முதற்பணி. சட்டக்கடனில் வாங்கிய அளவைத் திருப்பினால் கணக்குத் தீரும். நன்றிக்கடனிலோ வாங்கிய அளவையே திருப்புகிறவர் எதையும் கொடையாகக் கொடுக்கவில்லை. எனவே இயன்றால் மேலும் கொடுக்க நன்றி விழைகிறது. கட்டாயப்படுத்திப் பெறும் நன்றி நன்றியாகாது என்பதும் அவர் கருத்து. உரோமைச் சிந்தனையாளர் செனேக்காவைத் துணைக்கழைத்து இன்னொன்றும் சொல்கிறார்: பெற்ற நன்மையை அவசர அவசரமாகத் திருப்பித் தந்துவிடத் துடிப்பவர் மனமின்றிக் கடன்பட்டவர், நன்றியற்றவர்.

ஒப்பந்தத் தொகையைக் கட்டிவிட்டுச் சேவையிலிருந்து விடுவித்துக்கொள்கிற இளைஞரை இந்த ஒளியில் பார்க்கலாம். நீதிமன்றம் அவரைக் குறை சொல்லாது. கேட்ட பணம் வந்துவிட்டது; சட்டக்கடன் தீர்ந்தது. ஆனால் அவருக்குக் கிடைத்தது பணம் மட்டுமன்று, ஓர் இடம். அந்த இடத்தில் அமர்ந்திருக்கக்கூடிய, அந்த மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்றிருக்கக்கூடிய இன்னொருவர் இருந்தார். அவரை எந்தக் காசோலையால் திருப்பித் தருவது?

இதே வாதம் கொடுப்பவர் மீதும் திரும்புகிறது. நன்றி கட்டாயத்தால் வராது என்றால், 2 ஆண்டு உடன்பாட்டை முடித்த மருத்துவரை வாழ்நாள் முழுவதும் "நாங்கள் படிக்க வைத்த பிள்ளை" என்று கைகாட்டிக்கொண்டிருக்க நமக்கும் உரிமையில்லை. பங்கு நிதியிலிருந்து ஐயாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுத் திருப்பலி முடிவில் பீடத்தின்முன் நிறுத்தி ஒளிப்படம் எடுக்கும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. பதினேழு வயதுப் பிள்ளைக்கு வறுமையைவிட அந்த ஒளிப்படம் அதிகமாய் உறுத்தும்.

கொடைக்கும் கடமைக்கும் இடையே உள்ள உறவை வாழ்ந்து காட்டிய ஒருவரை நம் இதழ் வாசகர் அறிந்திருப்பது நல்லது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1887-இல் பிறந்த மேரி குளோரி, உதவித்தொகை பெற்று மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் நுழைந்தவர், 1910-இல் மருத்துவரானார். அங்கே நன்கு தொழில் நடத்திக்கொண்டிருந்தவர், 1920-இல் ஆந்திராவின் குண்டூருக்கு வந்து துறவற சபையில் சேர்ந்தார். துறவியர் மருத்துவத் தொழில் செய்வதைத் திருச்சபைச் சட்டம் பொதுவாக அனுமதிக்காத காலம் அது; திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதி தேவைப்பட்டது. 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பை நிறுவினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று இந்தியாவில் எழ வேண்டும் என்பது அவர் கனவு. 1957-இல் அவர் இறந்து 6 ஆண்டுகளுக்குப் பிறகே புனித யோவான் கல்லூரி பிறந்தது. மெல்பர்னில் பெற்றதை அவர் மெல்பர்னுக்குத் திருப்பித் தரவில்லை. நன்மை தந்தவரிடமே திரும்ப வேண்டியதில்லை போலும்.

இனிச் சற்றுக் கசப்பான செய்தி. கத்தோலிக்க ஒதுக்கீட்டுக்காகக் கல்லூரி வாசலில் விரித்துக் காட்டப்படும் அதே திருமுழுக்குச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலகத்தில் சில குடும்பங்களால் மறைக்கப்படுகிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமந்து வாழும் இரு குடும்பங்களில், ஞானத் தண்ணீர் பெற்ற பிள்ளைக்கு மட்டும் வேறு வரிசை. மறைப்பது பொய்தான், பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பொய்க்குள் தள்ளிய அநீதியைக் கண்டிக்காமல் அந்தத் தாயை மட்டும் கண்டிப்பவர் பாதி மறையுரையே ஆற்றுகிறார்.

நம் பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை பயின்றோருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. அவ்வழியில் தனியார் கல்லூரியில் இடம் பெற்றவர்க்கும் அரசே கட்டணம் செலுத்த முன்வந்தது. போற்றத்தக்க சட்டம். எனினும் அரசு உதவிபெறும் பள்ளிகளை அது சேர்க்கவில்லை. ஆகவே, அதே ஏழ்மையோடு நம் உதவிபெறும் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் வெளியே நின்றனர். ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டியது தலைமையாசிரியர்களின் கடமை. நம் பள்ளியில் ஓரிடம் காலியாகுமே என்று கருதி வாய்மூடியிருப்பது அறமாகாது.

போலுப்பள்ளியில் இடம் பெறும் மாணவரிடம் எந்தப் பங்கும் கையொப்பம் கேட்பதில்லை. உதவித்தொகை எதையும் வாங்காமல், முற்றிலும் தம் திறமையால் சேர்ந்ததாகவே அவர் எண்ணக்கூடும். ஆனால் அவர் கட்டும் சில ஆயிரத்துக்கும் அவரை மருத்துவராக்க ஆகும் செலவுக்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளியை நிரப்புவது பொதுப் பணம். பாரூர்க் கடைவீதியில் சோப்பு வாங்குகிறவரும், சிப்காட் வாசலில் அலைபேசிக்குப் பணம் ஏற்றும் பெண்ணும் செலுத்தும் வரி அதில் கலந்திருக்கிறது. அவர்களுள் எவரும் அந்த மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியதில்லை. என்றாவது ஒரு நாள் காய்ச்சலோடு அவர் முன்னால் வந்து அமர்வார்கள்.