குழுவாக்கும் சடங்குகளும் ஊழியரின் மனச்சான்றும்

பணியிடங்களில் 'டீம் பில்டிங்' என்ற பெயரில் நடத்தப்படும் பல செயல்களுக்குச் சமய வாழ்வில் மூத்த வடிவம் உண்டு. ஊரைவிட்டு இரண்டு நாள் ஒதுங்கியிருத்தல், வட்டமாக உட்கார்ந்து மனக்குறையைச் சொல்லுதல், ஒரே நிறத்தில் உடுத்துதல், பந்தியில் சேர்ந்து உண்ணுதல், தீயில் நடத்தல் ஆகியவை கோயிலிலும் மடத்திலும் தேவாலயத்திலும் நெடுங்காலமாகப் பழகி வந்தவை. அவை மனிதரைப் பிணைக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஐயம் வேறிடத்தில் இருக்கிறது. சமயம் தன் அடியாரிடம் கேட்பதை, ஒரு நிறுவனம் சம்பளத்துக்கு வேலை செய்பவரிடம் கேட்கலாமா? எந்தச் செயலைத் தேர்வது என்பது செலவையும் வசதியையும் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

கூடிச் செய்யும் சடங்கின் ஆற்றலை ஆழமாக ஆராய்ந்தவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம். 1912-ல் வெளிவந்த 'சமய வாழ்வின் அடிப்படை வடிவங்கள்' என்ற நூலில், ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் சடங்குகளைப் பற்றிக் கிடைத்த பதிவுகளை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சிதறி வாழும் மக்கள் ஓரிடத்தில் கூடிப் பாடி ஆடும்போது அவர்களுக்குள் ஒரு பொங்குதல் எழுகிறது. தன்னைவிடப் பெரிய ஒன்று தன்னை ஆட்கொண்டதாக ஒவ்வொருவரும் உணர்கிறார்கள். அந்தப் பெரிய ஒன்று அந்தக் கூட்டமேதான் என்பது அவர் வாதம். பொங்குதல் வடிந்துவிடும், ஆகவே சடங்கு காலந்தோறும் திரும்ப வரவேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். அதைவிட முக்கியமாக, அவர் விவரித்த மக்கள் சடங்குக்கு வருமுன்பே ஒரே குலத்தவர். ஒரே குலக்குறியை உடையவர்கள். ஒரு மாலைப் பொழுதில் கைதட்டலும் இசையும் சேர்ந்தால் குழு பிறந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை.

தீ மிதிப்பதை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஸ்பெயின் நாட்டில் சான் பெத்ரோ மன்ரீகே என்ற சிற்றூரில், ஆண்டுதோறும் ஜூன் மாதம், புனித யோவான் திருநாளுக்கு முந்தின இரவில் ஊரார் தணல்மேல் நடக்கிறார்கள். நடப்பவர்கள், பார்ப்பவர்கள் ஆகிய இரு தரப்பாரின் இதயத் துடிப்பையும் அளந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. நடந்தவரின் துடிப்பும், பார்த்துக்கொண்டிருந்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கின. அவரை அறியாத வெளியூர்ப் பார்வையாளர்களிடம் அந்த ஒத்திசைவு காணப்படவில்லை. எல்லோரும் பார்த்தது ஒரே தணலைத்தான். ஆனால் ஏற்கெனவே இருந்த உறவில்தான் அது ஒத்திசைவை எழுப்பியது.

தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பூக்குழி இறங்குபவர் காப்புக் கட்டி, பல நாள் விரதமிருந்து, மஞ்சள் உடுத்தி, தன் வேண்டுதலோடு வருகிறார். அந்த விரத நாள்களில் வீடும் தெருவும் அவருக்காகத் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்கின்றன. தன்னம்பிக்கைப் பயிற்சி என்று தணல் பரப்பி ஊழியரை நடக்க வைக்கும் நிகழ்ச்சிகள், இவை அனைத்தையும் விட்டுவிட்டுக் கடைசிப் பத்து அடிகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. வேண்டுதல் இல்லாத இடத்தில் எஞ்சுவது அச்சமும், மேலாளர் பார்க்கிறாரே என்ற கூச்சமும்தான்.

வேண்டுதல் என்ற சொல்லுக்குள் விருப்பம் இருக்கிறது. சமயக் குழுக்கள் தம் உறுப்பினரிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டாலும், அந்த விருப்பத்தை அவை எவ்வளவு பொறுமையாகச் சோதித்தன என்பது பலருக்குத் தெரியாது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய துறவியர் விதிநூல் இதற்கு நல்ல சான்று. மடத்தில் சேர வருபவரை எளிதில் உள்ளே விடக் கூடாது. நான்கைந்து நாள் வாசலிலேயே காக்க வைக்கவேண்டும். உள்ளே வந்த பிறகு, இரண்டு மாதம் கழித்து விதிநூல் முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டப்படும். மேலும் ஆறு மாதம் கழித்து ஒருமுறை, பின்னும் நான்கு மாதம் கழித்து இன்னொரு முறை. இதைக் கடைப்பிடிக்க முடிந்தால் இருக்கலாம், முடியாவிட்டால் தடையின்றிப் போகலாம் என்று அவரிடம் சொல்லப்படும். ஓராண்டு இப்படிக் கழிந்த பின்தான் வாக்குறுதி. அதன் பிறகு மடம் அவரது தூக்கத்தையும் பேச்சையும் உணவையும் ஆளலாம்.

வேலைக்குச் சேர்பவர் அப்படி எந்த வாக்கும் தந்ததில்லை. குறித்த வேலைக்குக் குறித்த சம்பளம் என்பதே உடன்பாடு. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்தச் சம்பளத்தில் தொங்குகின்றன. ஆகவே "விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்ற அறிவிப்பை மட்டும் வைத்து விருப்பத்தை அளக்க முடியாது. வராதவரின் பெயர் யார் காதிலும் விழாமல், ஆண்டு இறுதி மதிப்பீட்டில் எந்த நிழலும் படாமல் இருந்தால்தான் அது விருப்பம்.

சட்டமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1988-லேயே இத்தகைய பயிற்சிகள் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. தியானம், யோகம், தன்வசியம், தீயில் நடத்தல் முதலியவற்றை அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அவற்றில் சமயம் எதுவும் இல்லை என்று நிறுவனம் கருதினாலும் போதாது. தன் நம்பிக்கைக்கு அது முரண் என்று ஊழியர் உண்மையாகக் கருதினால் அவருக்கு இடமளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2018-ல் நியூயார்க்கில் ஒரு நடுவர் குழு, ஒற்றுமை வளர்ப்பு என்ற பெயரில் கூட்டு வழிபாடு முதலியவற்றைத் திணித்த நிறுவனம் ஒன்று 10 ஊழியர்களுக்கு 51 லட்சம் டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 நவம்பரில், மது ஓடும் அலுவலகக் கொண்டாட்டங்களில் கலந்துகொள்ள மறுத்தவரை அதற்காகப் பணிநீக்கம் செய்தது செல்லாது என்றது. கேளிக்கையும் திணிக்கப்பட்டால் மனச்சான்றின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது.

இந்தியாவில் பிஜோ இம்மானுவேல் வழக்கு, 1986, பணியிடத்தைப் பற்றியதன்று. கேரளப் பள்ளி ஒன்றைப் பற்றியது. நாட்டுப்பண் ஒலிக்கும்போது யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உடன் நிற்பது வேறு, தன் வாயால் சொல்வது வேறு என்ற அந்தப் பாகுபாடு அலுவலகத்துக்கும் மிகப் பொருந்தும். உடன் இருக்கும்படி ஊழியரை அழைக்கலாம். உள்ளத்தில் இருப்பதைத் திறந்து காட்டும்படி, இல்லாத அன்பைச் சொல்லும்படி கேட்கலாகாது.

அப்படியானால் எஞ்சுவது எது? சேர்ந்து செய்யும் உண்மையான வேலை. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரிஃப் 22 சிறுவர்களை இரு அணிகளாகப் பிரித்து நடத்திய முகாம் ஆய்வு புகழ்பெற்றது. போட்டி விளையாட்டுகள் அவர்களைப் பகைவராக்கின. பகையைத் தணிக்க ஒன்றாக உண்ண வைத்தபோது உணவை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர் வரத்து நின்றபோது சேர்ந்து பழுது தேடியதும், கிளம்ப மறுத்த லாரியைச் சேர்ந்து இழுத்ததும்தான் அவர்களைப் படிப்படியாக நெருங்க வைத்தன. பரிசுக் கோப்பை வைத்து அணிகளை மோதவிடும் விளையாட்டை முதல் தேர்வாகக் கொள்வோர் இந்த ஆய்வை எண்ணிப் பார்க்கவேண்டும்.

வேலையோடு சேர்ந்த உணவுக்குச் சீக்கியரின் லங்கர் முன்மாதிரி. குரு நானக்கின் காலத்தில் வேர்கொண்ட அந்தப் பொதுச் சமையலறையில், மூன்றாம் குரு அமர்தாஸ் தம்மைக் காண வருபவர் முதலில் வரிசையில் அமர்ந்து உண்ணவேண்டும் என்று வகுத்தார். எல்லோரும் தரையில், யாருக்கும் தனி இலை இல்லை. யாரும் விலக நேராதபடி சைவ உணவு. ரொட்டி தேய்ப்பதும் தட்டுக் கழுவுவதும் தொண்டர்களின் கை. உண்பவரின் மதத்தை யாரும் கேட்பதில்லை.

தமிழகப் பட்டறைகளின் ஆயுத பூஜையிலும் இந்தக் கூறு உண்டு. முந்தின நாள் இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தரையைக் கழுவும் வேலையில் எல்லா மதத்தாரும் சேர்கிறார்கள். கற்பூரம் காட்டும்போது சற்றுத் தள்ளி நிற்பவரை யாரும் அருகே இழுக்காமலும், படையலை உண்ணாதவருக்கென முன்பே எடுத்து வைத்த பொரிகடலைப் பொட்டலம் கேட்காமலே அவர் கைக்குப் போய்ச் சேரும்படியும் அதை நடத்த முடியும்.