முடிவும் நியாயமும்

1918 அக்டோபர் 23 அன்று நியூயார்க் சதுரங்கப் போட்டித்தொடரில் ஃபிராங்க் மார்ஷல், கபாபிளாங்காவை எதிர்த்துக் கறுப்புக்காய்களுடன் ஆடினார். ரூய் லோபஸ் தொடக்கத்தின் எட்டாவது நகர்வில் அவர் ஒரு சிப்பாயைப் பலிகொடுத்தார். அதை எடுத்தால் வெள்ளை ராஜாவின் மீது கடுமையான தாக்குதல் பாயும். அதன் வழிகள் எல்லாம் எதிராளிக்குப் பழக்கமானவையாகவே இருக்கும். இதை அறிந்தே எடுத்ததாகக் கபாபிளாங்கா பின்னர் எழுதினார். மார்ஷலின் குதிரை ராஜாவின் அருகே வந்து நின்றபோதும் அதை வெட்ட ஆசைப்படாமல் ராணியை நகர்த்தினார். 36 நகர்வுகளில் வென்றார்.

வென்றதால் அவர் எடுத்த முடிவு துணிவு எனப்படுகிறது. தோற்றிருந்தால் அதே நகர்வு அகந்தை எனப்பட்டிருக்கும். செயலின் நியாயத்தை விளைவு தீர்மானிக்குமா? 1976இல் தத்துவவாதிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அறநெறியில் அதிர்ஷ்டத்தின் பங்கு பற்றி எழுப்பிய கேள்வி இதுவே. சதுரங்கத்தில் பகடை இல்லை. இரு காய்த்தொகுதிகளும் கண்முன்னே நிற்கின்றன. ஆனாலும் கடைசிவரை கணக்கிட மனிதனால் முடியாது. காண முடியாத அந்தத் தூரத்தில்தான் அதிர்ஷ்டம் புகுகிறது.

ஆகவே, ஆடுபவர் எவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பதையே எடைபோட வேண்டும். அந்த அளவில் இருவருமே சரியாகச் செயல்பட்டார்கள். பலியை ஏற்க மறுத்திருந்தால் கபாபிளாங்கா கறுப்புக்கு வசதியான நிலையை இலவசமாகக் கொடுத்திருப்பார். அச்சத்தைத் தவிர அதற்குக் காரணம் இருந்திருக்காது. மார்ஷலின் பலியும் ஆழ்ந்து ஆராய்ந்து செய்யப்பட்டது. அவருடைய தோல்வியைக் குற்றமாக எண்ணுவது பெரும் அநீதி.

ஆனால் விளைவு பயனற்றதும் அல்ல. தாக்குதலின் எண்ணத்தில் பிழை இல்லை, பதினோராவது நகர்வில் குதிரையைப் பின்னிழுத்ததே பலவீனம் என்று அந்தத் தோல்வி காட்டியது. அந்த இடத்தில் சிப்பாயை நகர்த்தி மையக் குதிரையைத் தாங்கும் வழியை மார்ஷலே பிறகு கையாண்டார். இன்றும் அதுவே முதன்மை வழி. விளைவைக் கொண்டு அறிவைத் திருத்தலாம். ஆளுக்குத் தண்டனை விதிக்கக் கூடாது. மனிதச் செயல்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

உலகப் பட்டத்துக்குச் சவால்விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் 1965 கேண்டிடேட்ஸ் போட்டியின் இறுதியில் தாலுக்கு எதிராக ஸ்பாஸ்கி இப்படித் திருத்தப்பட்ட மார்ஷலின் தாக்குதலையே நம்பினார். இன்றைய கிராண்ட்மாஸ்டர்கள் பலர் வெள்ளைக்காய்களுடன் ஆடும்போது இதற்கு இடமே கொடுக்காமல் வேறு நகர்வால் விலகிச் செல்கிறார்கள்.