கேக் வெட்ட எத்தனை மணி?

டிசம்பரில் போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. மலையில் காய் எடுப்பு ஓடும். ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் இங்கேயும் நடக்கும், மலைக்கு மேலே புத்தடியிலும் நடக்கும். இதற்கு நடுவில் ஆபீசில் கிறிஸ்மஸ் கொண்டாட வேண்டுமா? கேக்கை அப்புறம் விசாரிக்கலாம், முதலில் நேரத்தை விசாரியுங்கள். மாலை ஆறு என்று போட்டால் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். காய் பொறுக்கும் அக்காமார் அந்நேரம் வீட்டில் அடுப்பு மூட்டியிருப்பார்கள். எஸ்டேட் கணக்கப்பிள்ளையோ பனி இறங்குமுன் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடப் பார்ப்பார். மதியம் மூன்று, டீ நேரம்தான் தோது.

விளையாட்டுக்கு ஒரு முறம் போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு 8 எம்.எம். காயையும் 7 எம்.எம். காயையும் விரலால் தடவிப் பிரிக்க வேண்டும். மேனேஜரையும் தரையில் உட்கார வையுங்கள். வருஷக்கணக்காகக் காயிலேயே பழகிய அக்காமாரின் விரல்களிடம் அவர் தோற்பதைப் பார்க்க, கேக்குக்குக்கூட யாரும் எழுந்து போக மாட்டார்கள். கேக் என்றதும் ஞாபகம் வருகிறது: ஏலக்காய் எசன்ஸ் ஊற்றியதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு!