"நான் என்ன பண்ணினேன்?"

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது மகளின் இடது காதுக்கு மேலே என் விரல் வழுக்கியது. ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டம். ஒற்றை முடி இல்லை, தோல் வழவழவென்று இருந்தது. அவளுக்கு அப்போது 11 வயது. "புழுவெட்டு" என்றார் மாமியார். சின்ன வெங்காயத்தை நறுக்கி ஒரு வாரம் தேய்த்தோம். தோல் எரிந்ததுதான் மிச்சம். ஒரு வட்டம் இரண்டாயிற்று.

ஒரு வளைகாப்பில் உறவுக்கார அம்மாள் ஒருவர், குழந்தையின் காதில் விழும்படியே, "போன ஜென்மத்துல யார் கூந்தலை அறுத்தாளோ" என்றார். அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு அவள் கேட்டாள்: "அம்மா, நான் என்ன பண்ணினேன்?"

நான் சமயபுரத்தாளைக் கும்பிட்டு வளர்ந்தவள். வினையை இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என் நம்பிக்கையிலிருந்து எடுத்துச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

திருச்சியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, வட்டத்தின் ஓரத்தில் இருந்த குட்டை முடிகளை எனக்கும் காட்டினார். நுனி தடித்து, அடி மெலிந்து, ஆச்சரியக்குறி போலவே இருந்தன. பிறகு அவள் நகங்களைப் பார்த்தார். ஊசிமுனை பட்டாற்போல் சின்னச் சின்னக் குழிகள். இத்தனை நாள் அந்த விரல்களைப் பிடித்துச் சோறூட்டியும் நான் கவனிக்கவில்லை.

புழு கிடையாது, யாருக்கும் ஒட்டாது என்றார். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய வெள்ளணுக்கள் மயிர்க்கால்களை அந்நியர் என்று நினைத்துத் தாக்குகின்றன. மயிர்க்கால் சாவதில்லை, முளைக்காமல் கிடக்கிறது. ஆகவே திரும்ப வளர வழி உண்டு. பெரியவர்களுக்கு அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், இவளுக்குத் தடவும் களிம்பு போதும் என்றார். தலையில் பெருமளவு முடி உதிர்ந்த பெரியவர்களுக்காக பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருப்பதையும் சொன்னார். சிலருக்கு வளர்ந்தது மறுபடி உதிரும் என்பதை அவர் மறைக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

வீடு திரும்பும்போது பேருந்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. இவள் பிறந்த மூன்றாம் மாதம் எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. பிரசவம், டைபாய்டு போன்றவற்றால் உடம்பு அதிர்ந்தால், வளர்கிற முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரும். பிறகு தானே வளரும். அந்தக் காரணம் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்குது, தாய்க்கு முடி கொட்டுது" என்றார்கள். அதில் எவ்வளவு பிரியம்! காரணம் தெரியாத இடத்தில்கூட நம்மவர்களுக்கு அன்பாகப் பேச வந்திருக்கிறது. என் மகளுக்கு மட்டும் ஏன் பாவக் கணக்கு?

வினை என்றால் நான் என் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது. அதை அடுத்த வீட்டுக் குழந்தையின் தலையில் எழுதிப் பார்க்க எந்தச் சாமியும் யாருக்கும் உரிமை தரவில்லை.

மாமியார், மீதி முடியையும் அம்மனுக்கு இறக்கிவிடலாம் என்று வேண்டிக்கொண்டிருந்தார். நான் முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன். சமண முனிவர்கள் தங்கள் முடியைத் தாங்களே கையால் பறித்துக்கொள்கிறார்கள்; அது துறவு. அந்தக் காலத்தில் விதவைகளைப் பிடித்து உட்காரவைத்து மழித்த வீடுகள் இருந்தன, அது கொடுமை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே தலைதான். கொடுக்கிறவள் மனசு சேராவிட்டால் அதைக் காணிக்கை என்று எப்படி அத்தை சொல்வது? "அவள் கேட்டால் நானே கூட்டிப்போகிறேன், நீங்கள் அவளுக்காக முடிவு பண்ண வேண்டாம்" என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், தானே சமயபுரம் போய்ப் பூமுடி கொடுத்துவிட்டு வந்தார். பேத்தி நெற்றியில் திருநீறு பூசினார்.

நான்காம் மாதம் முதல் வட்டத்தில் பூனைமயிர் போல வெள்ளையாக முளைத்தது. முதலில் நிறமில்லாமல்தான் வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். போன வாரம் தலை பின்னும்போது பிடரியில் புதிதாக ஒரு வட்டத்தைப் பார்த்தேன். வேறு யாரும் சொல்லும் முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று, அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள்.

"களிம்பு தீர்ந்துபோச்சும்மா, வாங்கணும்" என்றாள்.