இருக்கையின் உறுதியும் இறைநம்பிக்கையும்

பேரிடர் ஒன்று நிகழ்ந்ததும் நம் நாவில் தாமாகவே வந்து அமரும் சொற்கள் இரண்டு. இறந்தவரைக் குறித்து 'விதி' என்கிறோம். பிழைத்தவரைக் குறித்து 'அற்புதம்' என்கிறோம். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஒரு நிமிடத்திற்குள் வீழ்ந்து எரிந்தபோதும் இவ்விரு சொற்களையே கேட்டோம். விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே உயிருடன் வெளியே நடந்து வந்தார். அவரைக் கடவுள் காத்தார் என்று பலரும் நன்றி கூறினர். அந்த நன்றியில் குறையில்லை. ஆனால், அதே வாயால் மற்ற 241 பேரையும் கடவுள் கைவிட்டார் என்று சொல்லத் துணிவோமா?

சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டதை இயேசு தாமே எடுத்துப் பேசுகிறார் (லூக்கா 13). மாண்டவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்பதை அவர் ஐயத்திற்கு இடமின்றி உணர்த்துகிறார். இறந்தோரின் பாவத்தால் கோபுரம் விழவில்லை என்றால் அடுத்த கேள்வி தானாகவே எழுகின்றது: அந்தக் கோபுரத்தின் அடித்தளத்தைப் பார்த்திருக்க வேண்டியவர் யார்? நற்செய்தியாளர் அதை எழுதவில்லை. ஆயினும், கட்டுகிறவர்களும் ஓட்டுகிறவர்களும் சட்டம் இயற்றுகிறவர்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. விமானத்தில் பயணி அமரும் இருக்கை என்னும் எளிய பொருளை முன்வைத்து அதைச் சிந்திப்போம்.

வீழ்ச்சிக்கும் சாவுக்கும் இடையே

விமானம் விழுந்தால் எல்லோரும் இறப்பர் என்பது பொதுவான எண்ணம். அது உண்மையன்று. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1983 முதல் 2000 வரை அந்நாட்டு விமான நிறுவனங்களுக்கு நேர்ந்த விபத்துகளை ஆராய்ந்தபோது, அவற்றில் சிக்கியவர்களுள் 95 விழுக்காட்டினருக்கு மேல் உயிர் பிழைத்தது தெரியவந்தது. நம் நாட்டிலும், 2020 ஆகஸ்டு 7 அன்று கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டு ஓடுதளத்தைத் தாண்டிச் சரிவில் விழுந்து பிளந்தது. அதில் 190 பேர் இருந்தனர். விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். ஏனைய 169 பேர் பிழைத்தனர். விழுவதற்கும் சாவதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. எல்லா விபத்துகளிலும் அது இருப்பதில்லை. பல விபத்துகளில் இருக்கின்றது. அந்த இடைவெளியை அகலமாக்குவதோ குறுகலாக்குவதோ மனிதர் கையில் இருக்கின்றது.

1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் ஊரருகே போயிங் விமானம் ஒன்று நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தனர். விசாரணையாளர்கள் சிதைவைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தார்கள். தரை சிதையாத பகுதியில் இருக்கைகள் பெரும்பாலும் தத்தம் இடத்திலேயே நின்றிருந்தன. தரை நொறுங்கிய பகுதிகளில் இருக்கைகள் பெயர்ந்து, ஆட்களோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. தலைக்கு மேலிருந்த பெட்டித் தட்டுகளோ ஏறத்தாழ அனைத்துமே பயணிகள்மீது விழுந்திருந்தன. இளைப்பாறத் தந்த இருக்கை, கட்டு விட்டதும் ஆளை நசுக்கும் பாரமாயிற்று.

காரைக்கால் கடற்கரையில் கருக்களாச்சேரி போன்ற மீனவ ஊர்களில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டுமரம் என்ற பெயரிலேயே கட்டு இருக்கின்றது. ஆணியின்றி, கயிற்றால் இறுக்கப்பட்ட மரங்களே அலைமேல் ஆளைச் சுமந்தன. கட்டு நெகிழ்ந்தால் அவை தனித்தனி மரங்களே. இன்று ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. ஆயினும் இயந்திரத்தையும் வலையையும் பெட்டியையும் இறுக்கிப் பார்க்காமல் கடலில் படகை இறக்குவார் எவருமில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை காரைக்கால் மாவட்டத்தில் 400-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அன்று கொன்றது தண்ணீர் மட்டுமன்று. தண்ணீர் அவிழ்த்துவிட்ட படகுகளும் மரங்களும் சுவர்த் துண்டுகளுமே இக்கரையோரத்தில் பலரை மோதி வீழ்த்தின.

உடல் தாங்கியது, இருக்கை தாங்கவில்லை

மோதலின் வேகத்தை மனித உடல் தாங்காது என்று முற்காலத்தில் நம்பினர். முதல் உலகப் போர்க் காலத்தில் வானில் நேர்ந்த மோதலில் பிழைத்த ஹியூ டி ஹேவன் என்பவர், தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வியை விடவில்லை. உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் தப்பியோரின் நிகழ்வுகளை ஆராய்ந்து 1942-இல் கட்டுரை வெளியிட்டார். உடைகின்ற பொருளைப் பெட்டியில் அசையாமல் வைத்து அனுப்புவதுபோல் மனிதரையும் வண்டிக்குள் அசையாமல் காக்க வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் தம்மை வாரால் பிணைத்துக்கொண்டு, மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலிருந்து ஒன்றரை நொடிக்குள் நின்றார். புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசை அவர்மேல் பாய்ந்தது. கண்களில் குருதி கட்டிச் சிறிது நேரம் பார்வையிழந்தார். ஆனால் பிழைத்து, 89 வயது வரை வாழ்ந்தார்.

அக்காலத்திலோ பயணிகள் விமானத்தின் இருக்கை, முன்னோக்கிப் பாயும் விசையில் 9 மடங்கைத் தாங்கினால் போதும் என்றே சட்டம் இருந்தது. உறுதியாகப் பிணைக்கப்பட்ட உடல் அதைவிட மிகுதியாகத் தாங்கும் என்பது தெரிந்த பிறகும் அவ்வளவே இருந்தது. 1988-இல்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அளவை 16 மடங்காக உயர்த்தியது. 16 மடங்கு என்றால், 70 கிலோ எடையுள்ள மூவர் அமர்ந்த ஒரே வரிசை இருக்கையை மூன்று டன்னுக்கு மேற்பட்ட பாரம் ஒரு நொடியின் சிறு பகுதியில் இழுக்கும் என்று பொருள். இருக்கைமேல் எடையை ஏற்றிப் பார்ப்பது மட்டும் இனிப் போதாது. மனித உருவப் பொம்மையை அமர்த்தி, சறுக்கு வண்டியில் ஓட்டித் திடீரென நிறுத்திச் சோதிக்க வேண்டும். இருக்கையின் கால்கள் பூட்டப்படும் தரைத் தடங்களையும் வேண்டுமென்றே முறுக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். ஏனெனில் உண்மையான விபத்தில் தரை நேராக நிற்பதில்லை. தலை எங்கே மோதும், தொடையெலும்பு எவ்வளவு தாங்கும் என்பனவும் அளக்கப்பட்டன. தலை பிழைத்தும் கால் முறிந்தவர், தீயிலிருந்து எழுந்து ஓட இயலாதவர் அன்றோ?

கைப்பிடிச் சுவர்

திருச்சட்டத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் (இணைச்சட்டம் 22:8). கவனமின்றி நடந்தவனுடைய தவறு எவ்வளவு என்று அக்கட்டளை ஆராயவில்லை. விழக்கூடியவன் உறவினனா, அயலானா என்றும் கேட்கவில்லை. கட்டியவன் அறிந்தவன், விருந்தினன் அறியாதவன். அறிந்தவன்மேல் கடமையைச் சுமத்துகிறது.

விமானப் பயணியின் நிலை அந்த விருந்தினனுடையதே. காரைக்காலிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ சென்று, வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிரான்சுக்கும் பறக்கிற நம் மக்கள் பயணச்சீட்டின் விலையைக் கேட்கலாம். சன்னலோர இடத்தையும் உணவையும் கேட்கலாம். இருக்கையின் கால் எந்தத் தடத்தில் எவ்வளவு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கின்றது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பார்த்தறியும் வழியில்லை. தாம் பார்த்தறிய முடியாத ஒன்றை நம்பி ஒருவர் உயிரை ஒப்படைக்கும்போது, அந்த நம்பிக்கைக்கு உரியவராக நடப்பது தருமமன்று, நீதி. தருமத்தைத் தள்ளிப் போடலாம்; பிறர்க்குரியதைத் தள்ளிப் போட நமக்கு உரிமையில்லை.

நமக்கு அண்மையிலேயே ஒரு நிகழ்வு உண்டு. 2018 அக்டோபர் 12 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், 136 பேருடன் திருச்சியிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட விமானம், நிலையத்தின் சுற்றுச்சுவரில் அடித்துக்கொண்டு மேலெழுந்தது. பின்னர் மும்பையில் பத்திரமாக இறங்கியது, எவருக்கும் காயமில்லை. விமானம் ஓடுதளத்தில் விரைகையில் தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் திடீரெனப் பின்னே சரிந்ததும், அத்தடுமாற்றத்தில் இயந்திரங்களின் விசை குறைந்ததும், குறைந்ததை விமானிகள் கவனியாததும் விசாரணையில் வெளிப்பட்டன. 136 குடும்பங்களின் துயரம் ஒரு சாய்மானத்தின் பிடிப்பில் தொங்கியிருந்தது.

கணக்கும் மனச்சான்றும்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பாதுகாப்புக்கு எல்லையில்லை, பணத்திற்கு எல்லையுண்டு. ஒவ்வோர் இருக்கையையும் மாற்றினால் கட்டணம் உயராதா? இம்மறுப்பே பல ஆண்டுகள் வென்றது. பறந்துகொண்டிருந்த பழைய விமானங்களிலும் இருக்கைகளை மாற்ற வேண்டும் என்ற முன்மொழிவு 1988-இலேயே வைக்கப்பட்டது. 2005-இல் வந்த இறுதி விதியோ, 2009 அக்டோபர் முதல் புதிதாகக் கட்டப்படும் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தியது. செலவையும் காப்பாற்றக்கூடிய உயிர்களையும் தராசில் வைத்தே அம்முடிவு எடுக்கப்பட்டது.

கைக்குழந்தைகளின் செய்தி இன்னும் கடினமானது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் விமானம் ஒன்று நொறுங்கி இறங்கியது. 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். மடியில் பயணம் செய்த குழந்தைகள் நால்வர். அக்கால நடைமுறைப்படி அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் கூறப்பட்டது. நால்வருள் ஒரு குழந்தை இறந்தது. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை, 16 மடங்கு விசையில் 160 கிலோ ஆகிவிடும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. ஆயினும், குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்ற விதியை அந்நாட்டு நிர்வாகம் இயற்றவில்லை. தனிக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்கள் சாலை வழியே செல்லும். சாலையில் இன்னும் மிகுதியான பிள்ளைகள் இறப்பர் என்பது அது கூறிய காரணம்.

இக்காரணத்தை இரக்கமற்றது என்று தள்ளிவிட முடியாது. எண்ணிப் பார்ப்பது பாவமன்று. எண்ணாமல் இரங்குவோர் சில வேளைகளில் மிகுதியான தீங்கை விளைவிப்பர். ஆனால் அக்கணக்கு ஒன்றை மாறாததாக எடுத்துக்கொள்கிறது: குழந்தையின் இருக்கைக்கான செலவைப் பெற்றோரே சுமக்க வேண்டும் என்பது அது. செலவு எல்லாப் பயணிகளிடையேயும் பகிரப்பட்டால் தராசின் தட்டு மாறும். ஆகவே கணக்கில் பிழை தேடுவதோடு நில்லாமல், கணக்கிடும் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் யாவர், அங்கே இடமில்லாதவர் யாவர் என்றும் மனச்சான்று பார்க்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தைக்கும், இன்னும் பயணச்சீட்டே வாங்காத எதிர்காலப் பயணிக்கும் அங்கே குரல் இல்லை. அவர்களுக்காகப் பேசுவதே திருச்சபை காலங்காலமாகப் போதிக்கும் பொது நன்மை.

இக்கடமை விமானம் செய்வோரோடு முடிவதில்லை. பள்ளி வேனில் பிள்ளைகளை அளவுக்கு மேல் அடைத்து அனுப்புவதற்கு நாம் இசைகிறோம். மிதவைச் சட்டையின்றிக் கடலுக்குப் போகிறவரைப் பார்த்தும் வாளாவிருக்கிறோம். நம் வீட்டு மாடிக்கும் கைப்பிடிச் சுவர் வேண்டும்.

கயிறும் வாக்குறுதியும்

இவ்வளவு முன்னெச்சரிக்கை இறைநம்பிக்கைக்கு முரண் அன்றோ என்பார் சிலர். கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கும்படி இயேசுவைத் தூண்டியவன், வானதூதர் தாங்குவர் என்று மறைநூலையே காட்டினான். இயேசு மறுத்தார். தாங்கப்படுவோம் என்று நம்புவது வேறு. தாங்கிப் பார்க்கட்டும் என்று குதிப்பது வேறு. புனித தோமா அக்குவினா முன்னோக்கை விவேகம் என்னும் நற்பண்பின் ஒரு பகுதியாகவே வைத்தார்.

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை நம் கடலோர மக்கள் பொருளுணர்ந்து வாசிப்பார்கள். பவுல் சென்ற கப்பல் புயலில் சிக்கியபோது, மாலுமிகள் கப்பலின் அடியில் கயிறுகளைச் செலுத்தி அதை இறுகக் கட்டினர். பின்னர் ஒருவர் உயிருக்கும் சேதமில்லை என்ற வாக்குறுதியைப் பவுல் இறைவனிடமிருந்து பெற்றார். பெற்ற பிறகும் அவர் கைகட்டி அமர்ந்துவிடவில்லை. தப்பியோட முயன்ற மாலுமிகளைத் தடுக்கச் செய்தார். எல்லோரையும் உண்டு வலிமை பெறுமாறு வேண்டினார். கப்பல் உடைந்தது, 276 பேரும் கரை சேர்ந்தனர். கயிறு கட்டியவர்களின் கையையும் உண்ணச் சொன்னவரின் வாயையும் விட்டுவிட்டு இறைவன் அவர்களைக் காக்கவில்லை.

தொழிற்கூடத்தில் ஒருவர் திருகாணியை முடுக்குகிறார். இறுகியதா என்று மீண்டும் ஒருமுறை பார்க்கிறார். அந்த இருக்கையில் அமரப் போகிறவரை அவர் காண மாட்டார். அமர்கிறவரும் அவர் பெயரை அறிய மாட்டார். விபத்தே நேராமல் போகலாம். நேரக்கூடாது என்பதே நம் மன்றாட்டு. நேரவில்லையென்றால் அவருடைய உழைப்பு எவர் கண்ணுக்கும் தெரியாமலே போகும். மறைவில் செய்வதைக் காணும் தந்தை அதையும் காண்கிறார் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை நமக்கு இருக்குமானால், நம் கைக்கு வந்த கட்டை நெகிழ விடாமல் இறுக்குவோம்.