அச்சாரக் காசு

கொடுத்த சொல்லைக் காப்பதற்குக் காசும் வேண்டுமோ? மாட்டுச் சந்தையில் விலை பேசி முடித்தவர், விற்பவர் கையில் சிறு தொகையொன்றை வைப்பது தமிழர் வழக்கம். அதனை அச்சாரம் என்பர். அதனைக் கைநீட்டிப் பெற்றவர், பின்னர் வேறொருவர் கூடுதல் விலை தர முன்வரினும் சொல் மாறுதல் தகாது.

இவ்வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பழைய இங்கிலாந்தில் இத்தகைய காசினைக் ‘கடவுள் காசு’ என்றனர். 1303ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர் அயல்நாட்டு வணிகர்க்கு அளித்த சாசனம், அக்காசு கைம்மாறிய பின்னர் இருவருள் எவரும் பேரத்தினின்று விலகலாகாது என விதித்தது. 1677ஆம் ஆண்டுச் சட்டமும், பத்துப் பவுனும் அதற்கு மேலும் விலையுள்ள சரக்கு விற்பனையை உறுதிசெய்யும் வழிகளுள் ஒன்றாக அச்சாரத்தை ஏற்றது.

சிறு காசுக்கு இத்துணை ஆற்றல் எங்ஙனம் வந்தது? அதன் சிறுமையாலேயே வந்தது. விலையாகக் கருத இயலாத அளவு சிறியதாதலின், அது சொல்லுக்குச் சாட்சியாக நின்றது.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளும் தமிழகத்துச் சிற்றூர்களில் முன்பணம் கொடுத்தனர். பழங்கடன் தீர்க்கவும் வழிச்செலவுக்கும் அது பயன்பட்டது. வறுமையில் வாடிய குடும்பங்களுக்கு அது உதவியதை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும், அது தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்ட கைகளுள் இக்கடனோடு வந்தவையும் உண்டு. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடிநுழைவு நிதி அமைந்தது. முதலாளிமார் செலுத்திய தொகையிலிருந்து பயணச் செலவு வழங்கப்பட்டதால் அச்சுமை குறைந்தது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்வாறு ஆள் அனுப்புவதையே தடை செய்தது.

அச்சாரமும் முன்பணமும் முன்னதாகக் கொடுக்கும் பணமே. ஆயின், அச்சாரம் கொடுத்தவரையும் பெற்றவரையும் ஒருங்கே கட்டியது. முன்பணமோ பெற்றவனை மட்டுமே கட்டியது. முன்னது சொல்லைப் பிணித்தது. பின்னது ஆளைப் பிணித்தது. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் கொள்கை. ஒருவனுடைய இல்லாமையைப் பயன்படுத்திப் பெறும் வாக்குறுதி, சட்டத்தின் முன் செல்லுபடியாகலாம். வாய்மையின் முன் நில்லாது.

இன்றும் வீடு வாங்குவோர் வைப்புத்தொகை செலுத்துகின்றனர். வேலைக்குச் செல்வோர் முன்பணம் பெறுகின்றனர். பணத்தை எண்ணிப் பார்க்குமுன் எண்ண வேண்டியது ஒன்றுண்டு: இக்காசு கொடுப்பவரையும் கட்டுகின்றதா? கட்டுமாயின் அஃது அச்சாரம். இன்றேல் அது விலங்கு.